ஒரு வருசக் கட்டு

ஜெயராணி சிதம்பரத்துக்குப் படிக்கப் போனது ஒரு பங்கு என்றால் தண்ணீர் சுமந்துகொண்டு போனது மூன்று பங்கு. சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறி இறங்கிய பிறகு, தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போயின. அந்த உப்பு எத்தனை நாளைக்கு நிற்கும், எந்த மழைக்கு இறங்கும், இறங்குமா இறங்காதா என்று பார்ப்பதுதான் டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. மொத்தம் பத்தொன்பது கிணறு. மாசா மாசம் முதல் வாரத்தில் கிணற்றுக்கு ஒரு பாட்டில் பிடித்து, மேலே சீட்டு ஒட்டி, இரண்டு கட்டைப் பையில் அடுக்கி, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஏறுவாள்.

கண்டக்டருக்கு அந்தப் பைகளைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா, பாண்டிச்சேரி சரக்கா?"

"குடிச்சிப் பாருண்ணே. ஒரே மொடக்குல போதையெல்லாம் தெளிஞ்சிடும்."

பல்கலைக்கழகத்து லேபில் தண்ணீரைச் சோதித்து உப்புக் கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். 2006 மே மாசம் ஆரம்பித்தது. அடுத்த வருசம் ஆகஸ்ட் வரைக்கும், பதினாறு மாசம், ஒரு மாசம் கூட விடவில்லை. காய்ச்சலோடு போன மாசம் உண்டு. வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கிணறு தேடிய மாசமும் உண்டு.

அவள் அப்பா சுப்பராயலு மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர். முப்பத்திரண்டு வருசம் அந்தத் தூசியிலேயே கிடந்தார். எந்த வருசத்துக் கட்டைக் கேட்டாலும் விளக்குப் போடாமலே போய்க் கையில் எடுத்துக்கொண்டு வருவார் என்று பெயர். சர்க்கார் பைலுக்கெல்லாம் ஆயுசு உண்டு. சிலது என்றைக்கும் வைத்திருக்க வேண்டியது, சிலது பத்து வருசம், சிலது மூன்று வருசம், சிலதுக்கு ஒரு வருசம்தான். ஆயுசு முடிந்தால் பட்டியல் போட்டு, மேலே கையெழுத்து வாங்கி, கொளுத்திவிட வேண்டும். வைக்க வேண்டியதை வைப்பது மட்டும் வேலையில்லை, கழிக்க வேண்டியதைக் கழிப்பதும் வேலைதான் என்பார். வீட்டிலும் அப்படித்தான். ஒரு மருந்துச் சீட்டு கூடத் தேதி பார்க்காமல் குப்பைக்குப் போகாது; தேதி முடிந்துவிட்டால் ஒரு நாள் கூடத் தங்காது.

பெண்சாதி இருசம்மாள் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. அவளுடைய பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் ஏழு பேர். அந்த ஏழில் நாலாவதாகப் பிறந்த அண்ணனுடைய மகன் ஞானசேகரன்தான் பின்னால் ஜெயராணிக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இருசம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு: மூத்தவள் ஜெயராணி, அவளுக்கு ஐந்து வருசம் இளையவன் சேரன், இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான்.

சுப்பராயலு ஓய்வு பெற்ற அடுத்த தை மாசம் கம்ப்யூட்டர் வாங்கினார். முதுநகரில் கடை வைத்திருந்த நூருல் அமீன்தான் சாமான் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தான். அவனுடைய வாப்பாவும் சுப்பராயலுவும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள், அதனால் மாமா என்றுதான் கூப்பிடுவான். எண்பது ஜிபி ஹார்டு டிஸ்க். அதைப் பிரிக்க உட்கார்ந்தான்.

"எத்தனையா பிரிக்கட்டும், மாமா? எல்லாரும் மூணுதான் வச்சிக்கிறாங்க."

"அஞ்சாப் பிரி. மொதல்ல இருக்கிற சி அதும் பாட்டுக்கு மெசின் ஓடறதுக்கு இருக்கட்டும். டி, என்னைக்கும் வச்சிருக்க வேண்டியது. இ, பத்து வருசம். எப், மூணு வருசம். ஜி, ஒரு வருசக் கட்டு."

நூருல் அமீன் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "எங்க வாப்பா நாலு புள்ளைக்கு வூட்டப் பிரிச்சப்ப கூட இவ்ளோ யோசிக்கல, மாமா."

"அதான் இன்னும் கோர்ட்டுல நிக்கிறீங்க," என்றார் சுப்பராயலு. எல்லாரும் சிரித்தார்கள். நூருல் அமீனும்தான்.

எது எங்கே போக வேண்டும் என்று அன்றைக்கே நோட்டில் எழுதினார். டியில் வீட்டுப் பத்திரம், பென்ஷன் உத்தரவு, ஜாதகங்கள், சேரனுடைய மார்க்‌ஷீட்டுகள். இயில் இன்சூரன்ஸ், வரி ரசீது. எப்பில் கரண்டு பில்லும் காஸ் பில்லும். ஜியில் ஊரார் கொண்டுவந்து கொடுக்கிற கல்யாணப் போட்டோ, வாழ்த்துக்கவிதை, சினிமாப் பாட்டு, அப்புறம் ஜெயராணியின் ஆராய்ச்சி.

"ஏம்ப்பா, தம்பி மார்க்‌ஷீட்டு டியில, என்னோடது ஜியிலயா?"

"ஒனக்கு அடுத்த வருசம் கல்யாணம். அதோட இந்த வூட்டு ரெக்கார்டுல ஒன் பைலு முடிஞ்சிது. முடியிற பைலுக்கு ஒரு வருசந்தான் கணக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நோட்டில் எழுதியது விளையாட்டாக இல்லை. கேட்காமல் ஒரு பிரதி எடுத்து வேறு ட்ரைவில் அவள் போட்டிருக்கலாம். போடவில்லை. அப்பா வைத்த சாமானை இடம் மாற்றுவது என்பது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. உப்பு டப்பாவைக் கூட இருசம்மாள் அவர் வைத்த இடத்திலேயே தேடி எடுப்பாள்.

அடுத்த போகி வந்தது. விடியலில் வாசலில் பழைய பாயும் துடைப்பமும் எரிந்து முடிந்ததும், சுப்பராயலு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு ட்ரைவை அடியோடு துடைப்பது எப்படி என்று நூருல் அமீனிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஜிக்கு ஒரு வருசம் முடிந்துவிட்டது.

"இருங்கப்பா, இருங்கப்பா. நான் சிடியில ஏத்திக்கிறேன்," என்று ஓடிவந்தாள் ஜெயராணி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் நாற்காலியை விட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். அவள் எட்டு மாசக் கணக்கைச் சிடியில் ஏற்றினாள். அவர் ஜியைத் துடைத்தார். அவள் மறுபடியும் சிடியிலிருந்து எடுத்து ஜியிலேயே வைத்தாள்.

"பாத்தியா? இப்பதான் சுத்தமா இருக்கு," என்றார்.

இருந்த பண்டம் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது, இதில் என்ன சுத்தம் என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அப்பாவுக்குப் பொழுது போக வேண்டாமா என்று விட்டுவிட்டாள்.

அந்த வருசம்தான் உப்பு இறங்கியது. ஏப்ரல் வரைக்கும் அசையாமல் நின்றது, மே மாசத்திலிருந்து ஒவ்வொரு கிணறாக இறங்க ஆரம்பித்தது. முதலில் இறங்கியது பதினோராம் கிணறு. அன்றைக்கு லேபிலிருந்து வெளியே வந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, கீழவீதிக்குப் போய் அம்மாவுக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சொல்லிக்கொள்ள அந்தப் பஸ்ஸில் யாரும் இல்லை. மேலே எழுதப்போகிற புத்தகம் முழுக்க அந்த இறக்கத்தில்தான் நிற்கப்போகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளை அடித்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த சாமான்களைத் தூக்கித் தோட்டத்தில் வைத்தார்கள். இரண்டு நாள் மழை. லேபில் குறித்த தாள்கள் இருந்த அட்டைப்பெட்டி அப்படியே கூழாகிப் போயிற்று. மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அதை யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். சிடி பெட்டி அதற்குள் பழுதாகி, போட்டதைப் படிக்கும், புதிதாக எழுதாது என்று ஆகியிருந்தது. பென் டிரைவ் சேரனிடம் ஒன்று இருந்தது, அது எப்போதும் அவன் சிநேகிதன் கையில் இருக்கும். எடுக்கலாம் எடுக்கலாம் என்று நாள் போயிற்று. ஸ்ரீமுஷ்ணத்துப் புருசன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மாசத்துக்கு ஒரு தரம் பிறந்த வீட்டுக்கு வந்து, இரண்டு அத்தியாயம் தட்டி முடித்திருந்தாள். அதுவும் ஜியில்தான்.

தலைதீபாவளிக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னாள். "இந்தப் போகிக்கு ஜிய தொடாதீங்கப்பா. நான் வந்த பெறகு பாத்துக்கலாம். இல்லாட்டி டிக்கு மாத்திடட்டுமா?"

"டியில ஏது எடம்? தம்பி படம் ஏத்தி வச்சிருக்கான்."

"என்னைக்கும் வச்சிருக்க வேண்டியதுலயா படத்த ஏத்தியிருக்கான்?"

"ஆம்பளப் புள்ள. நாளைக்கே எடுத்துடுவான்," என்றார். அந்த ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெடிச் சத்தத்தில் காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அதைத்தான் பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டாள்.

தலைப்பொங்கலுக்குப் போகியன்று மத்தியானம் புருசனும் பெண்சாதியுமாக வந்து இறங்கினார்கள். வாசலில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. சுப்பராயலு மருமகனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"வாங்க மாப்ள. ஒங்களுக்காகவே காலைலேருந்து ஏத்தி வச்சிருக்கேன்."

திரையில் அவர்களுடைய கல்யாணம் ஓடியது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். ஞானசேகரன் தன் தலைப்பாகையைப் பார்த்துத் தானே சிரித்தான். இருசம்மாள் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து, "தோ, எங்க பெரியப்பாவோட கடைசி மருமவ. அன்னைக்கி என்னா பேச்சு பேசினா தெரியுமா," என்று ஆரம்பித்தாள்.

ஜெயராணி பையைக் கீழே வைக்கவில்லை. "எந்த ட்ரைவுலப்பா போட்டிருக்கீங்க?"

"ஒன் எடத்துலதான். ஜியில. ரெண்டு டிவிடி, பூரா எடமும் சரியாப் போச்சு. காலைல துடைச்சிட்டு ஏத்தினேன்."

"நான் தொடாதீங்கன்னு சொன்னனே."

"ஒரு வருசம் முடிஞ்சிதே." அவர் முகத்தில் திகைப்பு இருந்ததே தவிரத் தப்புச் செய்தவர் முகம் இல்லை. "நீதான் மாசா மாசம் வந்து எழுதிட்டுப் போறியே, எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன். வேற வூட்டுக்குப் போன பைலு இங்க எப்படிம்மா இருக்கும்?"

அவள் மவுசைப் பிடுங்கினாள். திரையில் அவள் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு ஜியைத் திறந்தாள். கல்யாணம் மட்டும்தான் இருந்தது.

அவள் அழுதது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. தலைப்பொங்கலுக்கு வந்த பெண் இப்படி அழலாமா என்று இருசம்மாள் கதவைச் சாத்தினாள். ஞானசேகரனுக்கு என்ன போயிற்று என்றே புரியவில்லை. "வுடு ஜெயா. டாக்டர் பட்டம் வாங்கி என்ன, ஊசியா போடப் போற?" என்றான். சமாதானமாகத்தான் சொன்னான். அவள் அதற்கு அழுகையை நிறுத்திவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வார்த்தையை அதற்கப்புறம் அவன் சொன்னதில்லை.

மாட்டுப் பொங்கலன்று நூருல் அமீன் வந்தான். அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர் ஒன்றைப் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டான். பெயர்கள் சிலது வந்தன. "கிணறு 11 மே" என்று ஒன்று வந்ததும் ஜெயராணி எழுந்து நின்றாள். திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ, ஒரு எண் கூட இல்லை.

"துடைச்சதோட வுட்டிருந்தாக்கூடப் பாதிக்கு மேல எடுத்திருக்கலாம், மாமா," என்றான். "அதும் மேலயே எழுதிட்டீங்க."

"படத்த இப்ப அழிச்சிட்டா அடியில இருக்கிறது வராதாப்பா?"

"சுண்ணாம்பு அடிச்ச செவுரா இருந்தா சுரண்டலாம். இது செவுத்த இடிச்சிட்டு வேற செவுரு கட்டினாப்ல, மாமா."

சுப்பராயலு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். முப்பத்திரண்டு வருசத்தில், கேட்ட பைல் இல்லை என்று அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்கிற அப்பாவை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

மிஞ்சியது சிடியில் இருந்த முதல் எட்டு மாசம். அதாவது உப்பு அசையாமல் நின்ற எட்டு மாசம். அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனாள். அவளுடைய கைடு கண்டிப்பான அம்மா, ஆனால் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எந்த மாசம் எறங்கிச்சின்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். மே. பதினோராம் கெணறு மொதல்ல. அப்புறம் நாலு, அப்புறம் பதினேழு."

"எவ்வளவு எறங்கிச்சி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாதி எண்கள் தடுமாறாமல் வந்தன. அவர் எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

"எனக்குத் தெரியும்னு எழுத முடியாதும்மா. மறுபடி ஒரு வருசம் எடு."

மறுபடி எடுக்கலாம் என்று பார்த்தால் இறங்கின உப்பு இறங்கினதுதான், அது இன்னொரு தரம் இறங்காது. குழாய்த் தண்ணீர் வந்து, கிணறுகளில் ஆறேழை மூடியும் விட்டார்கள். அவளுக்கும் மசக்கை. பெண் பிறந்தது, அறிவுமதி என்று பெயர் வைத்தாள். வருசம் ஒன்று இரண்டாகி மூன்றாகிப் போயிற்று.

ஸ்ரீமுஷ்ணத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குப் போனாள். பி.எட். படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் கொண்டு வரும். தட்டிக் கொடுப்பாள். தட்டியதை மூன்று இடத்தில் வைப்பாள். கடைக்காரர், "எதுக்கும்மா, குடுத்து முடிஞ்சிட்டா அழிச்சிட வேண்டியதுதான," என்றால், காதில் விழாதது போல் இருப்பாள். தெரியாத பிள்ளைகள் எழுதிய எழுத்து அந்தக் கடையில் வருசக்கணக்கில் அழியாமல் கிடந்தது.

பிறந்த வீட்டுக்குப் போவாள், வருவாள். அப்பாவிடம் பேச்சு நிறுத்தவில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பேசாமலே இருந்திருந்தால் கூடத் தேவலை என்று சுப்பராயலு ஒருநாள் இருசம்மாளிடம் சொன்னாராம்.

தானே புயல் அடித்து ஓய்ந்த அடுத்த சித்திரையில், கடலூர் விலாசத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவு செய்து ஆறு வருசம் ஆகிறது, ஜூன் முப்பதுக்குள் ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருசம் நீட்டிக்கக் காரணம் காட்டி மனு கொடுக்க வேண்டும். சுப்பராயலு கடிதத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கே போய் மனு பாரம் வாங்கி, அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு வந்தார். அறுபத்தைந்தை நெருங்கும் ஆள். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஜெயராணி தண்ணீர் கொடுத்தாள். கடிதத்தைப் படித்தாள். மடித்து வைத்தாள்.

"நீட்டிச்சி என்னப்பா பண்றது?"

"எழுதி முடிச்சிடு. எட்டு மாசம் இருக்கில்ல, மீதிய அதுக்கு ஒத்து வர்ற மாதிரி போட்டுக்க. யாரு வந்து கெணத்த எட்டிப் பாக்கப் போறான்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெக்கார்டு ரூம்ல நீங்க ஒரு தேதியையாவது மாத்தி எழுதியிருக்கீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாரத்தயாவது குடுத்து வைப்போம். தேதி போயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

"எழுதுங்க."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பெயர், தகப்பன் பெயர், பதிவு எண், தலைப்பு, எல்லாம் அழகாக எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் அச்சு மாதிரி இருக்கும். தாமதத்துக்குக் காரணம் என்று போட்டிருந்த இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஜெயராணி படித்தாள். "எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லியே. எங்க மாமியார் எனக்குக் கஞ்சி வச்சிக் குடுத்து, காலேஜிக்குப் போயிட்டு வான்னாங்க. அவுங்க மேல எதுக்குப் போடணும்?"

"அது வழக்கமா எழுதறதும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"நடந்தத எழுதுங்கப்பா. யாரு துடைச்சாங்க, எதுக்குத் துடைச்சாங்க, அத எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் பாரத்தை வாங்கிக்கொண்டார். பேனா கையில் இருந்தது. வெளியே அறிவுமதி தெருப் பிள்ளைகளோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டது. மதிய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஞானசேகரன் வந்து சொன்னான். சுப்பராயலு பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதுல அடிச்சித் திருத்தக் கூடாது. வேற பாரம் வாங்கி எழுதிக்கிட்டு வரேன்."

"வாங்க," என்றாள்.

ஜூன் முப்பது வந்து போயிற்று. அவர் வரவில்லை. ஆடி மாசம் ஜெயராணி கடலூருக்குப் போனபோது அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். இருசம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"மூணு தடவ போயி மூணு பாரம் வாங்கியாந்தாருடி," என்றாள் இருசம்மாள், குரலைத் தாழ்த்தி. "மேல இருக்கிறத எல்லாம் எழுதிடறாரு. அந்த எடம் வந்ததும் பேனாவ வச்சிட்டு எழுந்து போயிடறாரு. கடைசிப் பாரம் இன்னும் மேசையிலதான் கெடக்குது. எடுத்துப் பாக்குறியா?"

"வேணாம்மா," என்றாள் ஜெயராணி. கீரையில் புழு இருந்த இலைகளைத் தனியாக எடுத்து வைத்தாள்.